பழைய ஜீப்புக்கு டர்போ: காற்று, ஆயில், சூடு

ஊட்டி கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கடலோரத்தோடு ஒப்பிட்டால் அங்கே காற்றின் அடர்த்தி ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. டீசல் பம்புக்கு இது தெரியாது. கீழே கொடுத்த அளவையே மேலேயும் கொடுக்கும். எரியக் காற்று போதாத டீசல் கறும்புகையாகப் போகிறது, என்ஜின் சூடேறுகிறது, டிரைவர் செகண்டிலிருந்து ஃபர்ஸ்டுக்கு இறங்குகிறார். பழைய ஜீப்புக்கு டர்போ வைக்க நியாயமான காரணம் என்று எனக்குப் படுவது இந்த மலையேற்றம்தான். நெடுஞ்சாலையில் இன்னோவாவை முந்த வேண்டும் என்பது உங்கள் ஆசையானால் இந்த அத்தியாயத்தைத் தாண்டிவிடலாம். நாலு கியரும் பட்டை ஸ்பிரிங்கும் டிரம் பிரேக்கும் உள்ள வண்டியை அந்த வேகத்துக்குக் கொண்டுபோவது எனக்குச் சம்மதமில்லை.

இங்கே எடுத்துக்கொள்வது மஹிந்திராவின் பழைய டிஐ என்ஜின்: 2,523 சி.சி., நாலு சிலிண்டர், டர்போ இல்லாதது. போர் 88.9 மி.மீ., ஸ்ட்ரோக் 101.6 மி.மீ.; அதாவது மூன்றரை அங்குலம், நான்கு அங்குலம். அங்குலக் கணக்கில் வருவதற்குக் காரணம் அதன் பிறப்பு. 1963-இல் இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டருடன் சேர்ந்து மஹிந்திரா இறங்கிய டிராக்டர் தொழிலின் வம்சம் அது. குறைந்த ஆர்.பி.எம்.மில் இழுப்பதற்கென்றே வந்த கனத்த வார்ப்பிரும்பு பிளாக். இன்னொரு வசதியும் உண்டு. இதே 2,523 சி.சி. அளவில் கம்பெனியே பிற்பாடு பொலிரோவில் டர்போ வைத்து விற்றது. ஆகவே மேனிஃபோல்டு, ஆயில் குழாய், பிராக்கெட் எல்லாவற்றையும் நாமே புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. வேறு பழைய டீசல் வண்டி வைத்திருப்பவர்களுக்கும் கீழே வரும் முறை பொருந்தும், அளவுகள்தான் மாறும்.

சட்டம்

1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, ஆர்.சி. புத்தகத்தில் உள்ள விவரம் தயாரிப்பாளர் கொடுத்ததிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிசெய்தது. அதே ஆண்டு வந்த திருத்தத்தில், அனுமதியில்லாமல் மாற்றும் உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று சேர்க்கப்பட்டது. ஸ்பேனரை எடுப்பதற்கு முன் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்குங்கள். 'எல்லாரும் பண்றாங்க சார்' என்று ஏஜென்ட் சொல்வது பதிலாகாது. விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் கம்பெனி முதலில் பார்ப்பதும் இதைத்தான். எஸ்டேட் வேலிக்குள்ளேயே ஓடும் வண்டிக்கு இந்தத் தலைவலி குறைவு.

என்ஜினுக்கு உடம்பு சரியாக இருக்கிறதா

தேய்ந்த என்ஜினுக்கு டர்போ மருந்தாகாது. புகை அடிக்கிறது, பிக்கப் இல்லை, டர்போ வைத்தால் சரியாகிவிடும் என்று வருபவர்களே அதிகம். அவர்களுக்கு வேண்டியது ரிங்கும் நாசிலும்.

சூடான என்ஜின் ஐடிலில் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைக் கழற்றிப் பாருங்கள். லேசான ஆவி வந்தால் பரவாயில்லை. குபுகுபுவென்று புகை தள்ளினால், மூடியைத் தலைகீழாக வைத்ததும் அது எகிறி விழுந்தால், ரிங்கைத் தாண்டி கேஸ் சம்புக்குள் இறங்குகிறது. டர்போ வைத்தால் அது இன்னும் கூடும். சம்புக்குள் அழுத்தம் ஏறினால் டர்போவிலிருந்து ஆயில் இறங்க வழியிருக்காது. கம்ப்ரஷன் டெஸ்டில் நாலு சிலிண்டரும் ஒன்றுக்கொன்று பத்து சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். சூடான ஐடிலில் ஆயில் அழுத்தம் விழுந்துவிடும் என்ஜினுக்கு பேரிங் வேலை முடிக்காமல் எதையும் செய்யாதீர்கள்.

ரேடியேட்டரைக் கழற்றி ராடு போட்டுச் சுத்தம் செய்யுங்கள். நம் ஊரில் வண்டி ஒருமுறை சூடானதும் தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றி எறிந்துவிடும் வழக்கம் இருக்கிறது. அதைத் திரும்பப் போடுங்கள். குளிர்ந்தே ஓடும் டீசல் என்ஜினில் லைனர் சீக்கிரம் தேயும்.

முதலில் வாங்க வேண்டியது மீட்டர்

டர்போவுக்கு முன்னால் புகைச்சூடு காட்டும் மீட்டரை வாங்குங்கள். கே வகை தெர்மோகப்பிள், டயலோ டிஜிட்டலோ எதுவானாலும் சரி. எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில், டர்போவுக்கு முன்பு, நாலு சிலிண்டரின் புகையும் சேரும் இடத்தில் துளையிட்டுப் பொருத்த வேண்டும். மேனிஃபோல்டைக் கழற்றி மேஜையில் வைத்தே துளையிடுங்கள். வண்டியில் இருக்கும்போது துளையிட்டால் உள்ளே விழும் இரும்புத் தூள் நேராக டர்பைன் இலையில் போய் அடிக்கும்.

மீட்டரை டர்போவுக்குப் பின்னால் சைலன்சர் குழாயில் வைப்பது எளிது. பல பட்டறைகள் அப்படித்தான் வைக்கின்றன. பாரம் ஏறும்போது அங்கே காட்டும் எண் உண்மையான சூட்டைவிட நூறு டிகிரிக்கு மேலும் குறைந்திருக்கும். டர்பைன் அந்தச் சூட்டைத்தானே வேலையாக மாற்றியிருக்கிறது!

சுத்த அலுமினியம் 660 டிகிரி செல்சியஸில் உருகும். பிஸ்டன் செய்யும் கலவை அதற்கும் முன்னாலேயே இளகத் தொடங்கும். புகை அந்தச் சூட்டில் இருந்தாலும் பிஸ்டன் உருகாமல் நிற்பது, அது வாங்கிய சூட்டை ரிங் வழியாகவும் ஆயில் வழியாகவும் கொடுத்துக்கொண்டே இருப்பதால். 1978-இல் மெர்சிடிஸ் தன் 3 லிட்டர், ஐந்து சிலிண்டர் டீசலுக்கு டர்போ கொடுத்து 300 எஸ்டி என்ற காரில் வைத்தபோது, பிஸ்டனின் அடியில் ஆயில் பீய்ச்சும் ஜெட்டுகளையும் சேர்த்தே கொடுத்தது. டர்போ இல்லாமல் பிறந்த என்ஜினில் அந்த ஜெட் பெரும்பாலும் இருக்காது. சம்பைக் கழற்றும்போது பார்த்துவிடுங்கள். இல்லையென்றால், நீண்ட ஏற்றத்தில் 650 டிகிரியை உங்கள் எல்லையாக வையுங்கள். ஓவர்டேக் செய்யும் சில நொடிகளுக்கு 700 வரை போகலாம். அதைத் தாண்டினால் காலை எடுத்து, கியரைக் குறைக்க வேண்டும்.

இதனோடு பூஸ்ட் மீட்டர் ஒன்றும், எண் காட்டும் ஆயில் பிரஷர் மீட்டர் ஒன்றும் வேண்டும். டேஷ்போர்டில் உள்ள சிவப்பு விளக்கு எரிவதற்குள் டர்போ பேரிங் போயிருக்கும்.

எந்த டர்போ

கணக்கு எளிது. 2,523 சி.சி. என்ஜின் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை தன் கொள்ளளவுக்குக் காற்றை இழுக்கிறது. 3,000 ஆர்.பி.எம்.மில் நிமிடத்துக்குச் சுமார் 3,780 லிட்டர். முழுதாக நிரம்பாது, 85 சதவீதம் என்று வைத்தால் 3,200 லிட்டர். இது சின்ன டர்போவுக்கு உரிய வேலை. சென்னை புதுப்பேட்டையில் பழைய லாரி டர்போ மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்கிவந்தால், ஜீப் வேலை செய்யும் 1,500 முதல் 2,500 ஆர்.பி.எம். வரை அது தூங்கிக்கொண்டிருக்கும். விழிக்கும்போது நீங்கள் அடுத்த கியருக்குப் போயிருப்பீர்கள். இரண்டு முதல் இரண்டரை லிட்டர் டீசல் கார், ஜீப்பிலிருந்து வந்த டர்போ, உள்ளேயே வேஸ்ட்கேட் உள்ளது, போதும். மாறும் இலை கொண்ட புது வகை டர்போக்களைத் தொடாதீர்கள். அவற்றை ஆட்டுவிக்க உங்கள் வண்டியில் கம்ப்யூட்டர் இல்லை. என் முதல் தேர்வு பொலிரோ டிஐயின் டர்போவும் மேனிஃபோல்டும்தான்.

பழைய டர்போ வாங்கும்போது ஷாஃப்டை விரலால் ஆட்டிப் பாருங்கள். பக்கவாட்டில் லேசாக ஆடும், அது இயல்பு. ஆயில் படலத்துக்கான இடம் அது. ஆட்டும்போது இலை ஹவுசிங்கில் உரசினால் வேண்டாம். முன்னும் பின்னும் இழுத்தால் கைக்குத் தெரியும்படி அசையக் கூடாது. இலை நுனி மழுங்கியிருந்தால், கம்ப்ரஸர் பக்கத்தில் ஆயில் ஈரம் இருந்தால், பேரம் பேசாமல் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

பூஸ்ட் 0.5 முதல் 0.6 பார், அதாவது 7 முதல் 9 பி.எஸ்.ஐ. இதற்கு மேல் போகாதீர்கள். வேஸ்ட்கேட் ராடைச் சுருக்கி 'இன்னும் கொஞ்சம்' ஏற்றித் தருகிறேன் என்று மெக்கானிக் சொன்னால் அன்பாக மறுத்துவிடுங்கள். ஹெட் கேஸ்கெட்டுக்கு விலை கொடுப்பது நீங்கள்.

மேனிஃபோல்டு

பொலிரோ மேனிஃபோல்டு கிடைத்தால் உங்கள் ஹெட்டின் பேக்கிங்கை அதன்மேல் வைத்து, துளைக்குத் துளை பாருங்கள். மாடலுக்கு மாடல் ஹெட்டில் சில்லறை வித்தியாசங்கள் இருக்கலாம். காசு கொடுப்பதற்கு முன் பார்க்க வேண்டியது இது.

கிடைக்காவிட்டால் லேத் பட்டறையில் செய்ய வேண்டும். கொதிகலன் வேலைக்கு வரும் கனமான ஸ்டீல் பெண்டு வாங்குங்கள். ஜி.ஐ. பைப் வேண்டவே வேண்டாம். அதன்மேல் உள்ள துத்தநாகப் பூச்சு வெல்டிங் சூட்டில் ஆவியாகி வெல்டரைக் காய்ச்சலில் படுக்க வைக்கும். ஃபிளாஞ்சு 10 அல்லது 12 மி.மீ. தகடு. வெல்டு செய்ததும் தகடு வளையும். அதனால் எல்லா வெல்டிங்கும் முடிந்தபின் முகத்தை மில்லிங் செய்து சமப்படுத்த வேண்டும். இந்தக் கடைசி வேலையைத் தவிர்ப்பதால்தான் பட்டறை மேனிஃபோல்டுகள் பேக்கிங்கை ஊதித் தள்ளுகின்றன.

டர்போவுக்குப் பின் குழாய் இரண்டேகால் முதல் இரண்டரை அங்குலம். இடையில் ஒரு பெல்லோஸ் வேண்டும், இல்லையேல் என்ஜின் ஆடும் ஆட்டத்தில் மேனிஃபோல்டு வெடிக்கும். பக்கத்தில் போகும் பிரேக் குழாய், ஒயரிங், டீசல் ரிட்டர்ன் ஹோஸ் மூன்றையும் நகர்த்துங்கள். நகர்த்த முடியாததற்குத் தகடு மறைப்பு போடுங்கள்.

ஆயில்

டர்போ ஷாஃப்ட் நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றைத் தாண்டும். அதைத் தாங்குவது மெல்லிய ஆயில் படலம். கிட் விற்பவர்கள் கண்டுகொள்ளாத பகுதி இதுதான், டர்போக்கள் சாவதும் பெரும்பாலும் இங்கேதான்.

ஆயில் போகும் குழாயை மெயின் கேலரியிலிருந்து எடுங்கள். ஆயில் பிரஷர் ஸ்விட்ச் இருக்கும் இடத்தில் ஒரு டி போட்டு எடுப்பது வழக்கம். ஸ்டீல் குழாய், அல்லது கம்பிப் பின்னல் போட்ட ஹோஸ். சாதாரண ரப்பர் ஹோஸ் அந்தச் சூட்டில் நிற்காது.

போவதைவிட வருவது முக்கியம். டர்போவுக்குள் அழுத்தத்தோடு போகும் ஆயில் வெளியேறும்போது மோர் நுரைபோல ஆகிவிடுகிறது. அதைத் தள்ள அங்கே அழுத்தம் கிடையாது, தன் எடையில்தான் இறங்க வேண்டும். ஆகவே ரிட்டர்ன் குழாயின் உள்விட்டம் 16 மி.மீ.க்குக் குறையக் கூடாது. முழுக்கக் கீழ்நோக்கிய சரிவு, நடுவில் தொட்டில்போல் தொங்கும் வளைவு இருக்கக் கூடாது. சம்பில் சேரும் இடம் ஆயில் மட்டத்துக்கு மேலே இருக்க வேண்டும். டர்போவின் வடிகால் வாய் நேர்கீழாகவோ அதிலிருந்து 30 டிகிரிக்குள்ளோ நிற்கட்டும். இதில் ஒன்று தவறினாலும் ஆயில் தேங்கி, சீலைத் தாண்டிப் புகையாக வரும். மெக்கானிக் டர்போ கெட்டுவிட்டது என்பார். புது டர்போவும் அதே புகையை விடும்.

சம்பில் நிப்பிள் வெல்டு செய்ய அதைக் கழற்றித்தான் ஆக வேண்டும். கழற்றாமலே துளையிட்டு, கிரீஸ் தடவி, தூளைப் பிடித்துவிடலாம் என்பது பேராசை.

ஆயில் 15டபிள்யூ-40, சிஐ-4 தரம். மாற்றுவது 5,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை, தவறாமல்.

காற்றின் பாதை

பழைய ஜீப்பில் ஆயில் நிரப்பிய ஏர் கிளீனர் இருந்தால் எடுத்துவிடுங்கள். காற்றின் வேகம் கூடும்போது அந்த ஆயிலையே இழுத்துவிடும். பேப்பர் ஃபில்டர் உள்ள பெரிய டப்பா வையுங்கள். ஃபில்டருக்கும் டர்போவுக்கும் நடுவில் ஒரு கிளாம்ப் தளர்ந்தாலும் மலைச்சாலைப் புழுதி கம்ப்ரஸர் இலையை உப்புத்தாள்போல் தேய்த்துவிடும்.

இன்டர்கூலர் வேண்டுமா? 35 டிகிரிக் காற்றை 0.6 பாருக்கு அழுத்தினால், கம்ப்ரஸரின் திறன் 70 சதவீதம் என்று கொண்டால், வெளியே வருவது ஏறக்குறைய 98 டிகிரி. சூடான காற்று விரிவதால் அறுபது சதவீதம் கூடுதல் அழுத்தத்தில் கிடைக்கும் கூடுதல் காற்று சுமார் முப்பத்து மூன்று சதவீதம்தான். இன்டர்கூலர் அதை 55 டிகிரிக்கு இறக்கினால் ஐம்பது சதவீதம் வரை கிடைக்கும். புகைச்சூடும் இறங்கும். சமவெளி வெயிலில் பாரம் இழுப்பவர் முதலிலேயே வைத்துக்கொள்ளலாம். மலையில் மட்டும் ஓடும் வண்டிக்கு நான் அவசரப்பட மாட்டேன். ஜீப்பின் குறுகிய மூக்கில் அது ரேடியேட்டரை மறைத்துக்கொண்டுதான் உட்காரும்.

கவர்னரும் டீசலும்

இன்டேக் வாயில் பட்டர்ஃபிளை ஒன்று இருந்து, அங்கிருந்து ஒரு சின்னக் குழாய் டீசல் பம்பின் பின்பக்கம் போகிறதா என்று பாருங்கள். போனால் உங்கள் பம்பில் இருப்பது இன்டேக்கின் வெற்றிடத்தை நம்பி வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னர். டர்போ வைத்தால் அந்த இடத்தில் வெற்றிடத்துக்குப் பதில் அழுத்தம் வரும். கவர்னர் குழம்பி டீசலை முழுதாகத் திறந்துவிடலாம், என்ஜின் கட்டுக்கடங்காமல் ஓடலாம். இப்படிப்பட்ட பம்பை மெக்கானிக்கல் கவர்னர் உள்ளதாக மாற்றிய பிறகே மற்ற வேலை. இதில் சமரசம் கிடையாது.

மெக்கானிக்கல் கவர்னர் உள்ள பம்ப் என்றால், டர்போவைப் பொருத்தி, பம்பைத் தொடாமல் ஓட்டிப் பாருங்கள். ஒரு மாதம் ஓட்டுங்கள். கறும்புகை போயிருக்கும், புகைச்சூடு இறங்கியிருக்கும், ஏற்றத்தில் ஒரு கியர் மிச்சமாகும். பெரும்பாலானவர்கள் இங்கேயே நின்றுவிடலாம் என்பது என் கருத்து. பெட்ரோல் என்ஜினில் எரிபொருளைக் கூட்டாமல் காற்றை மட்டும் கூட்டினால் பிஸ்டன் ஓட்டையாகும். டீசலில் கதை தலைகீழ். கூடுதல் காற்று குளிர்விக்கும், கூடுதல் டீசல்தான் சுடும்.

அதற்கு மேலும் இழுவை வேண்டுமென்றால் பம்பை நல்ல பம்ப் கடைக்குக் கொண்டுபோங்கள். சாலையோரத்தில் சீலை உடைத்து ஸ்க்ரூவைத் திருக வேண்டாம். டெஸ்ட் பெஞ்சில் வைத்து, நாலு லைனும் சமமாகக் கொடுக்கிறதா என்று பார்த்து, பத்து சதவீதம் மட்டும் கூட்டச் சொல்லுங்கள். பூஸ்ட் வந்த பிறகே கூடுதல் டீசல் விடும் டயஃப்ரம் உள்ள பம்ப் கிடைத்தால் இன்னும் நல்லது. கிளம்பும்போது புகை அடிக்காது. நாசில்களையும் அப்போதே பார்த்துவிடுங்கள். ஒழுகும் ஒரு நாசில் போதும், அந்த சிலிண்டரின் பிஸ்டன் மட்டும் தனியாக உருகும். பிறகு அதே ஏற்றத்தில் ஓட்டி மீட்டரைப் பாருங்கள்.

இழுவை கூடியதும் முதலில் புகார் சொல்வது கிளட்ச். ஏற்றத்தில் என்ஜின் சத்தம் ஏறி வண்டி ஏறாவிட்டால் தட்டை மாற்றுங்கள்.

முதல் ஸ்டார்ட்

குழாயை மாட்டுவதற்கு முன் டர்போவின் ஆயில் வாயில் சுத்தமான ஆயிலை ஊற்றி, கம்ப்ரஸர் பக்கம் கைவிட்டு ஷாஃப்டைச் சுற்றுங்கள். ஸ்டாப் நாபை இழுத்துப் பிடித்தபடியே, விட்டுவிட்டு செல்ஃப் அடியுங்கள். ஆயில் மீட்டர் முள் எழும் வரை. அதன் பிறகு ஸ்டார்ட் செய்து ஐந்து நிமிடம் ஐடிலில் விட்டு ஒவ்வொரு இணைப்பையும் டார்ச் அடித்துப் பாருங்கள். ஆக்ஸிலரேட்டரை முறுக்கி விசில் சத்தம் கேட்க எல்லோருக்கும் கை துறுதுறுக்கும். அன்று வேண்டாம்.

முதல் ஓட்டத்துக்கு முன் ஒரு தடிமனான பலகையை, ஏர் ஃபில்டர் வாயை மூடும் அளவுக்கு வெட்டி, வண்டியில் வையுங்கள். டர்போ சீல் முழுதாகப் போய்விட்டால் என்ஜின் தன் ஆயிலையே குடித்து ஓடத் தொடங்கும். சாவியைத் திருப்பினாலும், டீசலை நிறுத்தினாலும் நிற்காது. வண்டி கியரில் போய்க்கொண்டிருந்தால் டாப் கியரில் வைத்து, பிரேக்கை மிதித்துக்கொண்டே கிளட்சை விட்டு என்ஜினை அடக்க வேண்டும். நின்றிருந்தால் பலகையால் காற்றை அடைக்க வேண்டும். கையாலோ துணியாலோ அடைக்க முயலக் கூடாது. துணியை உள்ளே இழுத்துக்கொள்ளும், கையையும் விடாது. அடைக்க முடியாத அளவுக்கு என்ஜின் அலறினால் எல்லோரையும் விலக்கிவிட்டு நீங்களும் விலகுங்கள்.

நூறு கிலோமீட்டர் ஓடியதும், ஆறிய என்ஜினில் மேனிஃபோல்டு நட்டுகளை மறுபடி டைட் செய்யுங்கள். ஐந்நூறில் ஆயிலும் ஃபில்டரும் மாற்றி, பழைய ஃபில்டரை வெட்டித் திறந்து மினுமினுக்கும் தூள் இருக்கிறதா என்று பாருங்கள். ஏற்றம் ஏறிவந்து நிறுத்தும்போது ஒரு நிமிடமாவது ஐடிலில் விட்டு ஆஃப் செய்வது இனி வழக்கமாகட்டும். உடனே ஆஃப் செய்தால் சூடான டர்போவுக்குள் நின்ற ஆயில் கருகிக் கரியாக ஒட்டும். வாடகை டிரைவர் ஓட்டும் வண்டியானால் இதை டேஷ்போர்டில் எழுதி ஒட்டிவிடுங்கள். கம்ப்ரஸரிலிருந்து வரும் ஹோஸை மாதம் ஒருமுறை கழற்றி உள்ளே விரலை விட்டுப் பாருங்கள். லேசான ஈரப்பசை ப்ரீதரிலிருந்து வருவது. விரலில் சொட்டினால் டர்போவைக் குற்றம் சொல்வதற்கு முன் ரிட்டர்ன் குழாயைப் பாருங்கள்.